தூண்களைத் தின்ற ஊர்

மூன்றாவது தெருவில் அவளை எல்லோரும் விரிசல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. பதினோரு வருஷமாக அவள் பார்த்த வேலை அதுதான். செப்புச் சுரங்கக் கம்பெனியின் நில அளவைப் பிரிவில் உதவியாளர். காலையில் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஐந்து தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கி, சுவர்களை உற்றுப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் ஆபீசுக்குத் திரும்புவாள். "உன் கண்ணு பட்டுதான் எங்க சுவர் விரியுது" என்று பெண்கள் கேலி செய்வார்கள். "அப்போ உங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்க்கட்டுமா? அவர் வாயாவது கொஞ்சம் விரியட்டும்" என்பாள் இவள்.

சுரங்கம் ஊருக்கு நேர் கீழே இருந்தது. மேலே வீடுகள், கடைகள், பள்ளிக்கூடம், கம்பெனி ஆஸ்பத்திரி. கீழே நானூறு அடியில் அவள் புருஷன் உட்பட அறுநூறு பேர். வெடி வைக்கும் நேரத்தில் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். ஊர்க்காரர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

அவள் வேலை சுலபமானது. சுவரில் விரிசல் விட்ட இடத்தில், அதற்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவாள். பக்கத்தில் சிவப்பு மையால் தேதி எழுதுவாள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் உடைந்துவிடும். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூன்று கண்ணாடி உடைந்தால், அந்தத் தெருவுக்குக் கீழே வேலையை நிறுத்த வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். அவள் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் நிறுத்துவதும் நடத்துவதும்.

பல வருஷங்களாக அந்தச் சட்டத்துக்கு வேலையே வரவில்லை. தாதுவை வெட்டி எடுத்தவர்கள் கூரையைத் தாங்குவதற்காக இடையிடையே வீடு அகலத்துக்குத் தூண்களை வெட்டாமல் விட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தூண்களும் தாதுதான், அதுவும் முதல் தரமான தாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தீர்ந்து போயிற்று. கம்பெனி மூடப் போவதாக அறிவித்தது. அன்றைக்கு ஊரே திரண்டு போய் கம்பெனி வாசலில் நின்றது. தூண்களை எடுத்துக்கொள்ளுங்கள், மூடாதீர்கள் என்று தொழிலாளர் சங்கமே மனு எழுதியது. அவள் புருஷன்தான் அதை வீடு வீடாகக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார்.

முட்டாள்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. வேறு என்ன இருந்தது? சுற்றியிருந்த நிலமெல்லாம் கசடு மேட்டுக்கு அடியில் கிடந்தது. ஆற்றில் மீன் இல்லாமல் போய் முப்பது வருஷம். நடுவில் இரண்டு சின்னத் தொழிற்சாலைகள் வந்தன. சுரங்கம் கொடுத்த சம்பளத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை, ஆள் கிடைக்காமல் வந்த வழியே போய்விட்டார்கள். சுரங்கம் தீர்ந்த பிறகு ஊர் பிழைக்க என்று ஒரு நிதி ஒதுக்கியிருந்தார்கள். நகராட்சி அதில் சரவிளக்கு தொங்கும் மாநாட்டு மண்டபம் ஒன்றைக் கட்டியது. அங்கே இதுவரை நடந்த கூட்டமெல்லாம் சுரங்கத்தை மூட வேண்டாம் என்று கெஞ்சுகிற கூட்டம்தான்.

அப்படித் தூண் எடுக்கத் தொடங்கி ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து சுரங்கத்து நீலச் சட்டைகளுக்குப் பை தைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, ஜன்னல் மூலையில் கண்ணாடி முழுசாக இருந்தது. அவள் நோட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதப் போனவள், பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி கிட்டே போய்ப் பார்த்தாள்.

தேதியில் ஒரு நான்கு இருந்தது. அவள் நான்கை மேலே திறந்தபடி எழுதுவாள், நாற்காலியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. சின்ன வயதுப் பழக்கம். சுவரில் இருந்த நான்கு மேலே கூராக மூடியிருந்தது.

"அண்ணே, இந்தக் கண்ணாடி எப்போ மாறிச்சு?"

மெஷின் நிற்கவில்லை. "மாறலையேம்மா. நீ ஒட்டினதுதான்."

"இது என் கையெழுத்து இல்லை."

"சுவரில எழுதினா யார் கையெழுத்தும் கோணலாத்தான் வரும்." அவர் நூலைப் பல்லால் கடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுச் சுவர் எங்களை விட ஒத்துமையா இருக்கு. எழுதிக்கிட்டுப் போம்மா."

அடுத்த வீட்டிலும் மூடிய நான்கு. அதற்கடுத்த வீட்டில் தேதியே தப்பு, அவள் ஒட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே தெருவில் இருந்த அக்கா வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டு, அவள் தெருக்கோடி வரைக்கும் போனாள். அவள் பார்த்த இருபத்தாறு கண்ணாடிகளில் பதினேழு அவள் ஒட்டியவை அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் டீ வேண்டுமா என்று கேட்டார்கள், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தார்கள். கேலி மட்டும் யாரும் பேசவில்லை.

கண்ணாடித் துண்டுகள் கடையில் கிடைக்காது. ஆபீசில் பெட்டியாகத் தருவார்கள். அவளுடைய பெட்டி வீட்டில் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. திறந்து பார்த்தாள். மேல் வரிசை ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, துண்டுகளுக்குப் பதில் செய்தித்தாள் மடித்து வைத்திருந்தது.

புருஷன் மூன்று மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தார். அவர் பாறையில் துளை போடுகிறவர். இருபது வருஷம் அந்த மெஷினைப் பிடித்ததில் இரண்டு கையும் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பிக் கொடுத்தால் சிந்திவிடும். அவள் பாதி டம்ளர் டீயை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பெட்டியையும் வைத்தாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"சங்கத்துல முடிவு பண்ணினோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ எழுதியாகணும். சொல்லலைன்னா உனக்குத் தெரியாது. உன் வேலைக்கும் பழுது வராது." அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "போன மாசம் ஒரே வாரத்துல ஏழு உடைஞ்சுது. நீ எழுதியிருந்தா அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பாங்க. கம்பெனிக்கு மூடறதுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்."

"ஏழா?"

அவர் பெட்டியை மூடித் தள்ளி வைத்தார்.

"கீழே எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

"தூண் பேசுது. முன்னெல்லாம் எப்பவாவது ஒரு சத்தம் வரும், சுள்ளி ஒடியற மாதிரி. இப்போ ஷிஃப்ட் முழுக்க விடாமப் பேசுது. நேத்து நான் துளை போட்ட தூண்ல இருந்து சில்லு தானாவே தெறிச்சுது. நான் இன்னும் மெஷினை வைக்கவே இல்லை."

"தெரிஞ்சும் இறங்கறீங்க."

"எனக்கு நாற்பத்தெட்டு வயசு. இந்தக் கையை வச்சுக்கிட்டு வேற என்ன வேலைக்குப் போறது? ஊசியில நூல் கோக்கச் சொல்றியா?"

அவள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சாப்பாடு அடுப்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

அக்கா வீடு தெருவின் நடுவில் இருந்தது. அத்தானும் சுரங்கத்து ஆள்தான். தூசி நுரையீரலில் படிந்து, நாலு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர். வாரத்துக்கு இரண்டு தடவை கம்பெனி ஆஸ்பத்திரி வண்டி வந்து காலியானதை எடுத்துக்கொண்டு புதுசு வைத்துவிட்டுப் போகும். அவர் மூக்கில் குழாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். "வா கொழுந்தியா. என் நெஞ்சுக்கும் ஒரு கண்ணாடி ஒட்டிட்டுப் போ" என்றார். நாலே வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

இவள் சுவரைப் பார்த்தாள். போன வாரம் வரை எதிர்ச் சுவரில் இருந்த இரும்பு பீரோ இப்போது கட்டிலின் தலைமாட்டுச் சுவரை ஒட்டி நின்றது. அங்கேதான் அவளுடைய கண்ணாடி இருந்தது.

"பீரோவை எதுக்கு அக்கா மாத்தினே?"

"காத்து வரட்டும்னு."

"பீரோவுக்குப் பின்னாலிருந்தா காத்து வரும்?"

அக்கா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடியை மூணு தடவை மாத்தியாச்சு. மறுநாளே உடைஞ்சுடுது. இனிமே ஒட்ட முடியாது, இடைவெளி பெரிசாயிடுச்சு. அதான் மறைச்சேன்."

"எவ்வளவு பெரிசு?"

அக்கா சுண்டு விரலைக் காட்டினாள்.

"அக்கா, அது அத்தான் தலைக்கு மேல இருக்கு."

"தெரியும். நான்தானே தினமும் பார்க்கிறேன்." அக்காவின் முகம் கல் மாதிரி இருந்தது. "சுவர் விழுமோ விழாதோ. சுரங்கம் நின்னா ஆஸ்பத்திரி நிக்கும், ஆஸ்பத்திரி நின்னா சிலிண்டர் வராது. அது நிச்சயம். நீ படிச்சவ, நீயே சொல்லு, நான் எதுக்குப் பயப்படணும்?"

அந்த வாரம் அவள் மூன்றாவது தெருவுக்கு 'மாற்றமில்லை' என்றுதான் எழுதினாள்.

அடுத்த வாரமும் அதையே எழுதினாள். எழுதி முடித்ததும் கை கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நில அளவைப் பிரிவின் அதிகாரி தாளை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டு, தட்டில் வைத்தார். அவருக்கு ஓய்வு பெற நாலு மாசம் இருந்தது. குடும்பத்தை ஏற்கெனவே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

"சார், ஒருநாள் நீங்களே வந்து பார்க்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"பார்த்தா எழுதணும் இல்லையாம்மா" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. புருஷன் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஊரில் எல்லோரும் அவளை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

அதற்கு ஐந்து நாள் கழித்துக் கீழே கூரையிலிருந்து ஒரு பலகைக் கல் பெயர்ந்து விழுந்தது. தையல்காரரின் மகன் தோள் நொறுங்கிப் போனது. அவனுக்குப் பக்கத்தில் இரண்டு முழம் தள்ளி நின்றவர் அவள் புருஷன். சங்கத்திலிருந்து விபத்து அறிக்கை எழுதினார்கள்: படியில் வழுக்கி விழுந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது. தையல்காரரே போட்டார்.

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, வலது கை விரலில் இடது கட்டை விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட மை.

"அண்ணே, பெத்த பிள்ளை."

"கடைக்குட்டி கல்யாணத்துக்கு நிக்கறா" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு டெலிபோன் பூத் இருந்தது. சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் அவள் நோட்டின் பின்னட்டையில் அச்சடித்திருந்தது. பதினோரு வருஷமாக அந்த நோட்டைச் சுமந்தவள் முதல் முறையாக அந்த எண்ணைச் சுற்றினாள். கண்ணாடி மாறியதையும் கல் விழுந்ததையும் சொன்னாள்.

பாதுகாப்பு அலுவலகத்து ஆய்வாளர், கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டிருந்தார். கூடவே அதிகாரி, சங்கத் தலைவர், பின்னால் பாதித் தெரு. அவள் முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வீடு கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்கு வீடு கண்ணாடி பளிச்சென்று, முழுசாக இருந்தது. இரவோடு இரவாக எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். பதினேழு இடத்திலும் புதுக் கண்ணாடி. இந்தத் தடவை நான்கைக்கூடத் திறந்து எழுதியிருந்தார்கள். அவள் நான்கை எப்படி எழுதுவாள் என்று அவர்களுக்கு ஒருவரால்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அவள் கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். அவர் கடைசியில் நின்று, நடுங்கும் கைகளை அக்குளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா விரிசல்?" என்றார் ஆய்வாளர்.

"அவங்க வீட்டுக்காரரோட ஏதோ மனஸ்தாபம் சார்" என்று சங்கத் தலைவர் மெல்லச் சொன்னார். "அந்தக் கோபத்தை ஊர் மேல காட்டறாங்க."

யாரோ சிரித்தார்கள். கடைசியாக அக்கா வீடு வந்தது.

அத்தான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றுதான் சிலிண்டர் மாற்றியிருந்தார்கள் போல, முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. ஆய்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்கா பீரோவின் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே ஒண்ணும் இல்லை சார்" என்றாள்.

ஆய்வாளர் இவளைப் பார்த்தார். இவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கண்ணில் கோபம் இல்லை. சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்காமல் இருக்க, சொல்லாதே என்று இவளைப் பார்ப்பாளே, அதே பார்வைதான். சிலிண்டரில் காற்று போகும் சீற்றம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் கீழே வெடி வைத்தார்கள். மருந்துப் பாட்டில்கள் கிணுகிணுத்தன. அத்தானின் தோளில், வெள்ளைச் சட்டை மேல், மேலிருந்து ஒரு சிட்டிகை மண் உதிர்ந்து விழுந்தது. அவர் அதைப் பார்க்காமலே தட்டிவிட்டார், தினமும் தட்டுகிற பழக்கத்தில்.

அவள் அக்காவின் தோளைப் பிடித்து நகர்த்தினாள். பிறகு பீரோவில் கை வைத்துத் தள்ளினாள்.

ஆய்வாளர் கிட்டே போய்க் குனிந்தார். விரலை விட்டுப் பார்த்தார். விரல் மூட்டு வரைக்கும் உள்ளே போயிற்று. எடுத்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, தன் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

அன்று மாலையே மூன்றாவது தெருவுக்குக் கீழே வேலை நின்றது. பதினெட்டாம் நாள் கம்பெனி சுரங்கத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. பாதுகாப்புத் தடையால் நடத்த முடியவில்லை என்று காரணம் எழுதி வாசலில் ஒட்டினார்கள். எடுக்க வேண்டிய நல்ல தூண்களை எடுத்தாகிவிட்டது, எப்படியும் அந்த வருஷக் கடைசியில் மூடியிருப்பார்கள் என்று அதிகாரி போகும்போது அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை ஊரில் யாரிடம் சொல்ல? சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் முதலில் டாக்டர் போனார், பிறகு நர்சுகள், பிறகு வண்டி. அக்கா இரண்டு தடவை பஸ்ஸில் போய்ப் பக்கத்து நகரத்திலிருந்து சின்ன சிலிண்டர் கொண்டு வந்தாள். மூன்றாவது தடவை அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்து இவள் ஓடினாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளே அத்தான் மூச்சுக்குத் திண்டாடுவது வாசல் வரைக்கும் கேட்டது. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இரண்டு நாள் அவர் அப்படிக் கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் சத்தம் இல்லை.

கடைக்காரர் அவளுக்குச் சாமான் கொடுக்கும்போது கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைக்க ஆரம்பித்தார். புருஷன் அவளைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சையே நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள், இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிற ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு, பாரம் ஏற்றுகிற வேலைக்குப் போனார். பள்ளிக்கூடமும் கம்பெனி நடத்தியதுதான். பெஞ்சுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பின் பாதியில் வீட்டில் உட்கார்ந்தாள்.

தெரு மட்டும் விழவில்லை.

மழைக்காலம் வந்தது, போனது. அவள் வேலை போன பிறகும் காலையில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். காலியாகிப் போன வீடுகளில் ஜன்னல் வழியாகக் கண்ணாடிகளைப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தன. ஒருநாள் தையல்காரரின் பழைய வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், தன் உதடு என்ன முணுமுணுக்கிறது என்பதைக் கவனித்தாள். 'உடை, உடை' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வீடாவது இடிந்து விழ வேண்டும். அப்போதுதான் அத்தான் செத்ததற்கு ஒரு கணக்கு நேராகும். அந்த நினைப்பு வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது வீட்டில் ஆட்கள் குடியிருந்தார்கள். அதில் ஒன்று அக்கா வீடு.

இன்னொன்றும் நடந்தது. கம்பெனி இருந்தவரை கீழே ஊறும் தண்ணீரை ராப்பகலாக பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. பம்பு நின்றதும் தண்ணீர் சுரங்கத்தில் ஏறத் தொடங்கியது. முதலில் கிணறுகளில் புளிப்பு வாடை அடித்தது. பிறகு துவைத்த வெள்ளைத் துணியில் பச்சை பூத்தது. மீதியிருக்கும் தூண்கள் இப்போது அந்தத் தண்ணீரில் நின்று ஊறிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்தாலும் போகும், விட்டாலும் போகும். அவள் பீரோவைத் தள்ளியது எதைக் காப்பாற்ற என்று இப்போது அவளுக்கே விளங்கவில்லை.

எட்டாவது மாசம் புதிதாக ஒரு கம்பெனி வந்தது. மாநாட்டு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி சார்பில் பேசிய பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பணிவாகப் பேசினாள், எல்லோரையும் ஐயா, அம்மா என்றாள். முதலில் பம்பு ஓடும். ஆஸ்பத்திரி திறக்கும். பள்ளிக்கூடம் திறக்கும். பிறகு மீதித் தூண்களை, மிகுந்த கவனத்தோடு, எடுப்பார்கள். அதற்கு ஐந்து தெருக்காரர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தரைக்கு என்ன ஆனாலும் சொந்தப் பொறுப்பில்தான் குடியிருக்கிறோம், பின்னால் எதுவும் கேட்க மாட்டோம் என்று.

ஊர் வரிசையில் நின்றது. வேறு ஊர்களுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். அவள் புருஷன் முந்தின நாள் போனில் பேசியிருந்தார். மாசக்கணக்கில் பேசாதவர், ஒரே மூச்சில் பேசினார். "இங்கே இருமினா கறுப்பா வருது. நம்ம வீட்டுல படுத்துத் தூங்கணும் போல இருக்கு. போட்டுடு. என்ன ஆனாலும் சேர்ந்து இருப்போம்."

அவளுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது அக்கா வந்தாள். வரிசையைப் பார்த்தாள். நேராக இவளிடம் வந்து, இவளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாசத்தில் அக்கா பாதியாக இளைத்திருந்தாள்.

"தண்ணி ஏறுதாமே" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"ஏறுது அக்கா."

"பம்பு ஓடினா?"

"கொஞ்ச நாள் தாங்கும்."

"எத்தனை நாள்?"

"எனக்குத் தெரியலை."

"அன்னைக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தள்ளினே." குரலில் சூடு இல்லை. கேள்வியும் இல்லை. இவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அக்காவின் முறை வந்துவிட்டது.

"வீடு யார் பேர்ல அம்மா?" என்று மேஜையில் இருந்த பெண் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் பேர்ல. இப்போ இல்லை."

"வருந்தறேன் அம்மா. என்ன ஆச்சு?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சுரங்கத் தூசி" என்றாள் அக்கா.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். அக்கா போட்டாள். பேனாவை மேஜையில் வைக்காமல் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

அவள் தாளை முழுக்கப் படித்தாள். அந்த வரிசையில் அதைப் படித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பிறகு போட்டாள்.

பத்து நாளில் பம்பு ஓடத் தொடங்கியது. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள். கடைக்காரர் அவள் கையில் சாமானைக் கொடுத்தார். புருஷன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார், இருமலோடு. மறு வாரமே முதல் ஷிஃப்டுக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

அன்று காலை அவள் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். ஹெல்மெட்டின் வாரை மாட்ட அவர் விரல்களால் முடியவில்லை. அவள் மாட்டிவிட்டாள். "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றார். "சரி" என்றாள். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

மகள் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எட்டு மாசமாகத் திறக்காத புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள்.

"பாப்பா, வெளியே போய் உட்கார்ந்து படி."

"வெளியவா? வெயில் கொளுத்துதும்மா."

"பரவாயில்லை. தெரு நடுவுல ஒரு நாற்காலி போட்டுத் தரேன். வா."

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, மறுபேச்சுப் பேசாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் குடையுமாகப் பின்னால் போனாள்.